ஒயர் எரிக்கும் புகையை நிறுத்த வழி சொல்லுங்கள்

தோழிகளே, என் தங்கைக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது போன மாதம் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) உறுதியானது. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, சினைப்பையிலும் குடல் மேலும் ஒட்டி வளர்ந்திருக்கிறது. மாதவிலக்கு வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காயலான் கடை. சாயங்காலமானால் செம்புக்காக பிவிசி ஒயரைக் கொளுத்துகிறார்கள். மொட்டைமாடித் துணியெல்லாம் கரி. இப்படி எரித்தால் டையாக்ஸின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அமெரிக்காவில் டையாக்ஸின் கலந்த தீவனம் தின்ற ரீசஸ் குரங்குகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததாக 1993இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் 1976 ஆலை விபத்தில் டையாக்ஸின் பரவிய இத்தாலியின் செவேசோவில், பெண்களிடம் நடந்த ஆய்வில் உறுதியான முடிவு கிடைக்கவில்லை. அதனால் புகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அவளை அந்தப் புகையில் வைத்திருக்க மனசு ஒப்பவில்லை.

உங்கள் ஊரில் யாராவது இப்படி எரிப்பதை நிறுத்தியிருக்கிறீர்களா? மனுவை ஊராட்சியில் கொடுத்தீர்களா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலா? எங்கே பலன் கிடைத்தது? அப்புறம், இந்த நோய் உள்ளவர்கள், வலிக்கு எந்தச் சிகிச்சை கைகொடுத்தது என்றும் சொல்லுங்கள். எல்லார் முன்னும் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.