புதுப்பிப்பு: துருப்பிடித்த சில்லு நட்

போன பதிவில், இறுகின சில்லு நட்டுக்குத் துரு இளக்கும் ஒயில் அடித்துப் பத்து நிமிசம் பொறுக்கச் சொன்னேன். அது காணாது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்காற்றில் நிற்கிற கார் என்றால் ஓர் இரவு ஊறவேணும். மேற்பக்கம் மூடின நட்டுக்கு அடிவிளிம்பில் அடியுங்கோ. பிரேக் டிஸ்கில் படவிடாதேயுங்கோ.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே ஆறு மூலைச் சொக்கட் போட்டு இளக்கவேணும், டொயோட்டாக்களுக்குப் பெரும்பாலும் 21 மி.மீ. பன்னிரண்டு மூலைச் சொக்கட் நட்டை மழுக்கிப்போடும். கால் சுற்று வந்து திரும்ப இறுகினால் இழுக்காதேயுங்கோ, ஸ்டட் (நட் ஏறுகிற புரிக்கம்பி) முறியும். கொஞ்சம் பின்னுக்கு இறுக்கி, ஒயில் அடித்து, மறுபடி இளக்குங்கோ.

புரிக்குக் கிறீஸ் பூசலாமோ என்று கேட்டிருந்தீங்கள். கூடாது! உராய்வு குறைந்தால் அதே முறுக்கு விசையில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கிறீஸ் ஹப் முகத்துக்கு (சில்லு போய் அமருகிற தட்டையான பக்கம்) மட்டும், மெல்லிசாக.