சூடானா நின்னுபோற புல்லு வெட்டுற மிசின்: மெக்னெட்டோவா, வேற ஏதாவதா?

லிந்துலைப் பையன்:
அண்ணன்மாரே, ஒரு உதவி. தோட்டத்துல புல்லு வெட்டக் கொந்தரப்பு எடுத்திருக்கேன். டூ ஸ்ட்ரோக் மிசின். காலையில ரெண்டே இழுப்புல பிடிக்குது. 20 நிமிசம் போனதும் பட்டுனு நின்னுடுது. அரை மணித்தியாலம் ஆறவிட்டா மறுபடி பிடிக்கும். டவுன் கடையில காபரேட்டர்தான்னு சொல்லி மாத்தினாங்க. காசு போச்சு, நோய் போகல்ல. பிளக்கும் புதுசு. இங்க எந்நேரமும் மிஸ்ட்டும் மழையும், ஈரம் இறங்கியிருக்குமோ?

நானுஓயா:
டேங்க் மூடியில உள்ள சின்ன ஓட்டை அடைச்சாலும் நிக்கும். நின்ன உடனே மூடியைத் தளர்த்திட்டு இழுத்துப் பாருங்க. ஆனா பெற்றோல் வராம நிக்கிற மிசின் கொஞ்சம் முக்கி முனகித்தான் நிக்கும். பட்டுனு நின்னா கரண்ட் பக்கம்தான்.

பண்டாரவளைக் கிழவன்:
தம்பி, நான் இரத்மலானையில சின்ன பிளேன்கள்ல வேலை செஞ்சவன். அதுல மெக்னெட்டோ ரெண்டு. மெக்னெட்டோன்னா பற்றரி இல்லாம, சுத்துற காந்தத்தாலயே பிளக்குக்குப் பொறி கொடுக்குற சாமான். ஏறுறதுக்கு முந்தி ஒண்ணை ஓஃப் பண்ணி எவ்வளவு சுற்று குறையுதுன்னு பார்ப்போம். லைக்கோமிங் எஞ்சின்ல 175க்கு மேல குறையக்கூடாது, ரெண்டுக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக்கூடாது. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அது படுத்தா எல்லாம் படுத்துது.

ஈரம்னா காலையிலதான் மக்கர் பண்ணணும், காய்ஞ்ச பிறகு இல்ல. ரொம்ப உயரத்துல காத்து மெலிஞ்சு மெக்னெட்டோவுக்குள்ளேயே பொறி தாவுறது உண்டு. நுவரெலியாவே 1,868 மீற்றர்தான், அதுக்கு இதெல்லாம் உயரமே இல்ல.

நின்ன உடனே பாருங்க, ஆறவிட்டா ஒண்ணும் தெரியாது. பிளக்கைக் கழட்டி, பிளக் வயர் நுனியில உள்ள தொப்பியில மாட்டி, பிளக் உடம்பு சிலிண்டர்ல படுற மாதிரி வச்சு இழுங்க. பிளக் ஓட்டைக்குக் கிட்ட வேணாம், பெற்றோல் ஆவி பத்திக்கும். பொறி இல்லாட்டி, ஸ்டாப் சுவிட்ச் வயரைக் கொயில்ல (மெக்னெட்டோவோட கம்பிச் சுருள்) இருந்து கழட்டிட்டு இன்னொரு தரம். வந்தா வயர் எங்கயோ இரும்புல உரசிப் பொறியை நிறுத்துது. வராட்டி கொயில். வயர் இல்லாம ஓடினா சுவிட்சால நிறுத்த ஏலாது, சோக்கை மூடுங்க. பிளேன்ல அந்த வயர் அறுந்தா, சாவி ஓஃப்ல இருக்கும்போதே புரொபெல்லரைக் கையால சுத்தினாலும் எஞ்சின் பிடிச்சிடலாம். எனக்கு இன்னும் அந்த வயர் மேல பயம்தான்.

லிந்துலைப் பையன்:
வயரைக் கழட்டியும் பொறி இல்ல. மீட்டரைத் தொப்பிக்கும் கொயில் இரும்புக்கும் வச்சேன், வெறும் "1"தான் காட்டுச்சு, அதாவது தொடர்பே இல்ல. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து வச்சா கிலோ ஓம் கணக்குல நம்பர் வருது!

பண்டாரவளைக் கிழவன்:
கொயிலேதான். உள்ளே சுருள் சூட்டுல விட்டுப்போகுது. புதுசு போடும்போது காந்தத்துக்கும் கொயிலுக்கும் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்க. ஒரு விசிட்டிங் காட்டை நடுவுல வச்சு இறுக்கிட்டு உருவிடுங்க. காந்தத்துல துரு இருந்தா மெல்லத் தேய்ச்சிடுங்க.

லிந்துலைப் பையன்:
போட்டாச்சு ஐயா. இன்னைக்கு டேங்க் காலியாகுற வரைக்கும் நிக்கவே இல்ல. கழட்டின காபரேட்டர் நல்லாத்தான் இருக்கு, சாக்குக்குள்ள கிடக்கு. யாருக்காவது வேணுமா?