4294967297: ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்த எண் எதற்கு?

சுங்கை சிப்புட் தந்தை:
எங்கள் தோட்ட மண்டபத்து மாலை வகுப்பில், 4294967297 பகா எண்ணா, பகு எண்ணா என்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் 3, 7, 11, 13 என்று வகுத்து வகுத்துக் களைத்துத் தூங்கிவிட்டாள். விடியலில் பெரட்டுக்கு (தோட்ட வேலையாட்களின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு)ப் போக வேண்டிய நான் அவளோடு விழித்திருந்தேன். கைப்பேசியில் தட்டினால் விடை நொடியில் வருகிறது: 641 × 6700417. பின்னத்திலும் விழுக்காட்டிலும் தடுமாறும் பிள்ளைகளை ஏன் இப்படி வதைக்க வேண்டும்?

மாலை வகுப்பு ஆசிரியை:
அண்ணன், 32 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது, அதாவது 2³² + 1. 32க்குப் பதில் 1, 2, 4, 8, 16 இரண்டுகளை எடுத்தால், இதற்கு முன் இதே குடும்பத்தில் 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து எண்கள், ஐந்துமே பகா எண்கள். அதைப் பார்த்து, இனி வருவதெல்லாம் பகா எண்தான் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் இந்த ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார். ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவதற்கு உறுதி தராது என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் எண் எனக்குத் தெரியவில்லை.

ஈப்போ பொறியாளர்:
வரலாறு நல்லதுதான். ஆனால் பகா எண்களை வரிசையாக எடுத்தால் 641 நூற்றுப் பதினாறாவது. எந்தப் பிள்ளை அதுவரை வகுக்கும்? முடிவைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

மாலை வகுப்பு ஆசிரியை:
ஆய்லரும் அப்படி வகுக்கவில்லை ஐயா. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும் என்று அவர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிட்டது!

ஈப்போ பொறியாளர்:
அதை நிறுவுவது பல்கலைக்கழகப் பாடம். ஆசிரியர் சொன்னதை நம்புவதும் கைப்பேசி சொன்னதை நம்புவதும் ஒன்றுதானே?

மாலை வகுப்பு ஆசிரியை:
நியாயமான கேள்வி. நம்பிக்கை கேட்காத வழியும் உண்டு. 641 என்பது 640 + 1. அதுவே 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இப்போது 2²⁸ஐ 641ஆல் பெருக்குங்கள். 5⁴×2²⁸ + 2³² கிடைக்கும். இதில் 5⁴×2²⁸ என்பது 640⁴தான். ஆக, 640⁴ + 2³² என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும். 640⁴ − 1 என்பதும் வகுபடும், ஏனெனில் 640 + 1 அதன் காரணி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1, நம் எண். நீளமான வகுத்தல் ஒன்றுகூட இல்லை.

சுங்கை சிப்புட் தந்தை:
தாளில் எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுக்கெண்கள் படிவம் 3இல், அதாவது இடைநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டில், வருகிற பாடம். மூத்தவனுக்குக் கொடுங்கள், மறுக்க மாட்டேன். இளையவளுக்கு இது அதிகம் என்பதில் நான் மாறவில்லை.

மாலை வகுப்பு ஆசிரியை:
6700417ஐ 641ஆல் பெருக்க இளையவளுக்குத் தெரியும். பெருக்கி அந்த எண்ணையே அவள் கையால் வரவழைக்கட்டும். நாளைய வகுப்பில் அதுதான் வேலை. மூத்தவனையும் அனுப்பி வையுங்கள்.