குடிவரவுச் சட்டம் பற்றித் தமிழில் வகுப்பு: அரசு மானியம் கிடைக்குமா?

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சியில் 501(சி)(3) அமைப்பு (வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு) ஒன்று நடத்துகிறோம், எல்லாரும் தன்னார்வலர்கள். அண்மையில் புகலிடம் கிடைத்த ஒரு தம்பியிடம், "கிரீன் கார்டு இருந்தால்தான் வேலை" என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். அவரிடம் ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு வார இறுதியில் சட்டம் சொல்லித்தர ஆசை. அமெரிக்க அரசு மானியம் தருமா?

விண்ணப்பக்காரன்:
அக்கா, முதலில் அந்தத் தம்பியைக் கவனியுங்கள். மானியம் காத்திருக்கும், அவருடைய கெடு காத்திருக்காது. வேலை செய்ய அனுமதி உண்டா என்று முதலாளி சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது வேலைக்குச் சேருகிறவரின் விருப்பம். உரிமமும், வேலை செய்வதற்குக் கட்டுப்பாடு சொல்லும் வாசகம் அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் போதும். கடையில் குறைந்தது 4 பேர் வேலை பார்த்தால் 180 நாட்களுக்குள் மத்திய அரசின் நீதித்துறையில் (Department of Justice), குடியேறிகள், ஊழியர்கள் உரிமைகளைக் கவனிக்கும் ஐ.ஈ.ஆர். பிரிவில் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது.

நீங்கள் கேட்பதற்கு மிக நெருங்கியது அந்தப் பிரிவே வழங்கிவந்த மானியம்தான். 1986 குடிவரவுச் சட்டம் முதலாளிகளை ஆவணம் சரிபார்க்கச் சொன்னது. அதைச் சாக்காக வைத்து அந்நியராகத் தெரிகிறவர்களை ஒதுக்கிவிடக் கூடாது என்றுதான் பாகுபாட்டுக்கு எதிரான விதியையும் சேர்த்தார்கள். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் அதை எடுத்துச்சொல்லும் செலவுக்கு அந்தப் பணம். குடியுரிமை, குடிவரவு விண்ணப்பங்களைக் கவனிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். 2009-இல் தொடங்கிய மானியம் வேறு. அது கிரீன் கார்டு உள்ளவர்களைக் குடியுரிமைக்குத் தயார்செய்ய. ஆட்சி மாறினால் இவை சுருங்கும், நிற்கும். மத்திய அரசு மானிய அறிவிப்புகள் வரும் கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் இப்போது அறிவிப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே திட்டம் போடுங்கள். இதை நம்பி வாடகைக்கு இடம் பிடிக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மானியம் கேட்கும் அமைப்புகள் பதிய வேண்டிய அரசுத் தளமான சாம்.கவ்-இல் பதிவை இன்றே தொடங்குங்கள். அங்கே தரும் யு.இ.ஐ. என்ற அடையாள எண் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. அமைப்பின் பெயர் ஐ.ஆர்.எஸ். (வரித்துறை) பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். எழுத்து மாறினாலும் இழுத்தடிக்கும். பதிவு இலவசம். செய்துதருகிறோம் என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள்.

எடிசன்வாசி:
நன்றி. புகாரை இந்த வாரமே எழுதுகிறோம். வகுப்பு முடிந்ததும் "என் கேஸுக்கு என்ன செய்யலாம்" என்று கேட்பார்களே, பதில் சொல்லலாமா?

விண்ணப்பக்காரன்:
கூடாது. சட்டம் இப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லலாம். நீ இந்தப் படிவத்தைப் போடு என்று ஒருவருக்குச் சொன்னால் அது சட்ட ஆலோசனை. அதற்கு வழக்கறிஞர் வேண்டும். அல்லது நீதித்துறை அங்கீகரித்த அமைப்பில், அத்துறையின் அனுமதி பெற்ற பிரதிநிதி வேண்டும். நல்லெண்ணத்தில் தவறான படிவம் போட வைத்து, நாடுகடத்தல் வழக்கில் மாட்டிவிட்டவர்கள் உண்டு. ஆகவே ஒரு சட்ட உதவி அமைப்போடு சேருங்கள். அவர்கள் முதன்மை விண்ணப்பதாரர், நீங்கள் அவர்கள் வழியாகப் பங்கு பெறும் துணை மானியதாரர்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பு, ஆட்களைத் திரட்டுவது, வகுப்பு எடுப்பது எல்லாவற்றையும் "தன்னார்வலர்கள்தானே" என்று இலவசமாக வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். மக்கள் நம்பி வருவது உங்களிடம். அந்த உழைப்புக்கு மணிக்கணக்கில் ஊதியத்தை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே விண்ணப்பத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க விடுங்கள். பல மானியங்களில் முதலில் செலவழித்து, பிறகுதான் பணம் திரும்ப வரும். முதல் சில மாதச் சம்பளத்தை யார் போடுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.