2007 கப்பல் அனுமதி பக்ஸ் மங்கிப்போச்சு, எழுத்தை மீட்க வழி வேணும்

2006 ஆகஸ்டில யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 தரைப்பாதை மூடினபிறகு யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கடலாலதான் போனது. திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பல் ஓட்ட, கப்டன் 2007இல கேட்டு எடுத்த பாதுகாப்பு அனுமதி 6 பக்கம். எல்லாம் தேர்மல் ரோல் பக்ஸ் (fax) தாள், அதாவது மையில்லாமல் சூட்டால எழுத்து விழுற தாள். அவரின்ட கடற்சேவைக்கு வேற சான்று கையில இல்லை.

3 பக்கம் வெளிறிப்போச்சு. பிளாஸ்டிக் உறைக்குள்ள கிடந்ததுதான் காரணம். சாய்ச்சுப் பிடிச்சால் கப்பல் பெயர் மெல்லிய தடமாத் தெரியுது. அதில ஒண்டை லாமினேட் பண்ண, சூட்டில தாள் முழுக்கக் கறுத்திட்டுது (தயவுசெய்து ஆரும் அதைச் செய்யாதேங்கோ). போட்டோக்கொப்பியில ஒண்டும் விழேல்ல. 600 டிபிஐ கலர் ஸ்கானில நீலச் சானலை (படத்தில நீல நிறப் பகுதியை மட்டும்) தனியாப் பிரிச்சதில பாதி முத்திரை வந்தது, திகதியும் கையெழுத்தும் வரேல்ல.

வெளிறினதில மிச்ச 2 பக்கத்தையும் சூடு காட்டாமல் புற ஊதா வெளிச்சத்தில படம் எடுத்துத் தரக்கூடிய இடம் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ ஆருக்கும் தெரியுமா?