கதவுக்கு ஆப்பும் நாற்காலியும் போதுமா?

இரவுக்காவல்:
ராத்திரி வீட்டுக்குள் படுத்திருப்பவர்கள் பாதுகாப்புக்குப் பெரிய செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கட்சி. உள்பக்கம் திறக்கும் கதவா? அடியில் ஒரு ரப்பர் ஆப்பு, கைப்பிடிக்குக் கீழே முட்டுக் கொடுத்த ஒரு நாற்காலி. நகரும் கண்ணாடி ஜன்னலா? கீழ்த் தடத்தில் அளவாக நறுக்கிய கட்டை. கேமராவெல்லாம் அப்புறம்தான். கேமரா படம் பிடிக்கும், கதவைப் பிடிக்குமா?

பூட்டுச்சாவி:
சார், ஆப்பு முதல்ல தரையைப் பிடிக்கணும், அப்புறம்தான் கதவைப் பிடிக்கும். வழவழப்பான டைல்ஸ்ல கொஞ்சம் தூசி இருந்தா கதவோட சேர்ந்து அதுவும் நகர்ந்து வரும். நாற்காலிக் காலும் அப்படித்தான் வழுக்கும். வெளிப்பக்கம் திறக்கிற கதவுக்கு இது ரெண்டுமே வெறும் அலங்காரம். அதை விடுங்க, வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போனா உள்ளே நின்னு ஆப்பு வைக்கிறது யாரு?

இரவுக்காவல்:
ஆளில்லாத வீட்டைப் பற்றி நான் பேசவே இல்லையே, முதல் வரியைப் படியுங்கள். வருகிறவனை விடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டாம். நாம் விழித்து போன் செய்ய அவகாசம் கிடைத்தால் போதும். முட்டுக் கொடுத்த கதவைச் சத்தமில்லாமல் திறக்க முடியாது, அவனுக்குப் பிடிக்காததும் சத்தம்தான்.

தச்சன்மகன்:
ரெண்டு பேரும் கதவையே பேசுறீங்க, நிலையை மறந்துட்டீங்க. உதைச்சுத் திறந்த கதவைப் பார்த்திருக்கீங்களா? பல நேரம் பூட்டு அப்படியே இருக்கும். பூட்டுலேருந்து நீட்டிக்கிட்டு வர்ற நாக்கு நுழையுற இடத்துல நிலை மரம்தான் பிளந்து கிடக்கும். அங்க இருக்குற தகட்டைக் குட்டித் திருகாணியில நிறுத்தியிருப்பாங்க. அதைக் கழற்றிட்டு, நிலையைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போற 3 அங்குலத் திருகாணி போடுங்க. உங்க நாற்காலியைவிட அது நல்லா உழைக்கும், வீட்ல ஆள் இல்லாதப்பவும் உழைக்கும்.

சாத்தினாலே தானா விழுற சரிவு நாக்குப் பூட்டை மட்டும் நம்பாதீங்க. சில கதவுல இடுக்கு வழியா அட்டையைச் சொருகியே தள்ளிடலாம். சாவி திருப்பினா வெளியே வர்ற சதுர நாக்கு அப்படிப் போகாது.

ஜன்னல் கட்டை நல்ல யோசனைதான், ஆனா பாதி வேலை. பக்கவாட்டில நகராத ஜன்னலை மேல தூக்கிக் கழற்றலாமே! மேல் தடத்துல ரெண்டு திருகாணியை முழுசா முறுக்காம, தலை கொஞ்சம் தொங்குற மாதிரி விடுங்க. தூக்க இடமிருக்காது.

புகைமூட்டம்:
திருடனைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். நள்ளிரவில் தீப்பிடித்தால்? புகையில் கண் தெரியாது, தரையோடு தவழ்ந்துதான் வாசலுக்கு வர வேண்டும். அங்கே ஓர் ஆப்பு, ஒரு நாற்காலி. சில வீடுகளில் உள்ளே இருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. ஜன்னலிலோ அசையாத கிரில். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

இரவுக்காவல்:
ஆப்பைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும் ஐயா.

புகைமூட்டம்:
உங்கள் காலால். இறுகிப்போன ஆப்பை உங்கள் வீட்டுக் குழந்தையோ வயதான அம்மாவோ இருட்டில் எடுப்பார்களா? விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் ஒருமுறை திறக்கச் சொல்லிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

பூட்டுச்சாவி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

இரவுக்காவல்:
நீங்கள் சொன்னது டைல்ஸைப் பற்றி!
சரி, உள்சாவிப் பூட்டு வேண்டாம், அதில் எனக்கும் சம்மதம். ஆப்பை விடுவதாக இல்லை. சதுர நாக்குப் பூட்டில் உள்ளே திருகும் குமிழும் இருந்தால் யாரும் திறக்கலாம், ஆப்பு அதற்குத் துணை.

பூட்டுச்சாவி:
அப்போ வெளிப்பக்கம் திறக்கிற பால்கனி கதவுக்கு? கீல் வேற வெளியே தெரியுது.

தச்சன்மகன்:
கீல் ஊசியை உருவினா கதவு அந்தப் பக்கமா கழன்றுடும், அதானே பயம்? ஒவ்வொரு கீல்லயும் எதிரெதிரா இருக்குற ஒரு திருகாணி ஜோடியை எடுத்துடுங்க. ஒரு ஓட்டையில தலையறுத்த தடி ஆணியை அரை அங்குலம் நீட்டி நிறுத்துங்க, எதிர் ஓட்டையைக் கொஞ்சம் ஆழமாத் துளைச்சு விடுங்க. கதவைச் சாத்தும்போது ஆணி அதுக்குள்ள போய் உட்காரும். ஊசியை உருவினாலும் கதவு வராது, உள்ளேருந்து திறக்கவும் எந்தத் தடையும் இல்லை. கிரில் விஷயத்துல புகைமூட்டம் சொல்றது சரி. படுக்கையறைக்கு ஒண்ணாவது கீல் வெச்சு, உள்தாழ் போட்டுத் திறக்குற மாதிரி மாத்துங்க. தாழ் மட்டும் வெளியேருந்து கைவிட்டா எட்டாத இடத்துல இருக்கட்டும்.