ஆர்ஹூஸில் குடியேறுகிறோம்: யாரும் சொல்லித் தராத அன்றாட நடைமுறைகள் என்னென்ன?

கொங்குக்காரன்:
வணக்கம். மனைவி, 2 வயது மகளுடன் டென்மார்க்கின் ஆர்ஹூஸுக்கு வருகிறோம். வேலை அனுமதியும் வீட்டு ஒப்பந்தமும் கையில் இருக்கின்றன. வரி அட்டை, வங்கிக் கணக்கு பற்றி ஆபீஸிலேயே விளக்கிவிட்டார்கள். தெரிய வேண்டியது அதற்கு அப்புறம் உள்ளது: கடை, சைக்கிள், அடுக்குமாடி, குழந்தைக் காப்பகம், ஆபீஸ். இங்கெல்லாம் டேனிஷ்காரர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் எதிர்பார்ப்பது எது? "நல்ல மனிதர்கள், குளிர் அதிகம்" என்பதோடு நிற்காமல் என்ன செய்யணும், எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்று சொன்னால் பெரிய உதவி. நாங்கள் சைவம்.

வடகடல்வாசி:
முதல் வேலை தபால் பெட்டி. நம்ம ஆட்களுக்கு இதில்தான் சிக்கல் வரும். அப்பா பெயரே கடைசிப் பெயராக இருப்பதால் கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் வேறு வேறு கடைசிப் பெயர் இருக்கும். பெட்டியில் ஒருவர் பெயர் மட்டும் ஒட்டியிருந்தால் மற்றவர்களுக்கு வரும் கடிதம் திரும்பிப் போகலாம். வங்கி அட்டை, மஞ்சள் மருத்துவ அட்டை எல்லாம் அப்படித்தான் காணாமல் போகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி மூன்று பெயரையும் முழுசாக ஒட்டுங்கள், இனிஷியல் வேண்டாம்.

சிபிஆர் (இங்கே வசிப்பவர்களுக்கு அரசு தரும் அடையாள எண்) பதிவுக்கு வீட்டுக்குள் நுழைந்த 5 நாளுக்குள் போய்விடுங்கள். நகராட்சியின் குடிமக்கள் சேவை மையம் துறைமுகத்தை ஒட்டிய டோக்1 நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட், அனுமதி, வாடகை ஒப்பந்தம், திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று எல்லாம் அசலாக வேண்டும். அங்கே மேலிருந்து தொங்கும் பெரிய வெண்கலக் குழாயைப் பாருங்கள். ஊர் மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் அங்கிருந்தே ஒரு பொத்தானை அழுத்துவார்கள், இங்கே மணி ஒலிக்கும். வாசித்துக்கொண்டிருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். இந்த ஊரை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசுக் கடிதங்கள் எல்லாம் இணையப் பெட்டிக்குத்தான் வரும். மிட்-ஐடி (அரசு இணையதளங்களில் நுழையும் மின்னணு அடையாளம்) கிடைத்த அன்றே அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். பார்க்காமல் விட்டாலும் கடிதம் சேர்ந்ததாகத்தான் கணக்கு, கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

கடையில் பாட்டில் விலையோடு ஒரு முன்பணமும் சேர்ந்து வரும், அதன் பெயர் "பண்ட்". பாட்டில் மேல் ஏ, பி, சி என்று குறி இருக்கும். 1 லிட்டருக்குக் குறைந்த கேனும் கண்ணாடி பாட்டிலும் ஏ, 1 குரோனர் (டேனிஷ் நாணயம்). அதே அளவு பிளாஸ்டிக் பாட்டில் பி, 1.50. 1 லிட்டரும் அதற்கு மேலும் சி, 3 குரோனர். சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் ரசீது வரும், அதை அதே கடையின் கவுண்டரில் கழித்துக்கொள்ளலாம். கேனை நசுக்கிவிடாதீர்கள், இயந்திரம் பட்டைக்கோட்டைப் படிக்க முடியாமல் திருப்பித் தள்ளும். ஜெர்மன் எல்லைக் கடையில் வாங்கிய கேனில் டேனிஷ் குறி இல்லாவிட்டால் அதற்கும் காசு கிடையாது.

மருந்துக்கடையில் வரிசை கட்டி நிற்க மாட்டார்கள். நுழைந்ததும் எண் சீட்டு எடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பேக்கரிகள் பலவற்றிலும் இதே முறைதான். சீட்டு எடுக்காதவர் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மிதிவண்டி_ராஜா:
சைக்கிள் பற்றி நான் சொல்றேன். கோபன்ஹேகன் மாதிரி ஆர்ஹூஸ் தட்டையான ஊர் இல்லை. துறைமுகத்திலிருந்து பல்கலைக்கழகம் பக்கம் போனாலே ஏற்றம்தான். கியர் இல்லாத வண்டியை விலை குறைவு என்று வாங்காதீங்க. பின்சக்கர அச்சுக்குள்ளேயே கியர் அடங்கிய வண்டிதான் இந்த ஊருக்குச் சரி. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியில் தெரியும் பல்சக்கரங்களைச் சீக்கிரம் அரிச்சிடும். எந்த வண்டியானாலும் உப்புக் காலம் முழுக்கச் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணும்.

பழைய வண்டி வாங்கினால் வண்டியின் இரும்புச் சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்க. போலீஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் திருட்டு வண்டியா என்று தெரியும். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரமே பேச வேண்டாம். காப்பீடு கேட்கும்போதும் அந்த எண், வாங்கின ரசீது, அங்கீகரிக்கப்பட்ட பூட்டு மூன்றும் வேணும்.

நம்ம ஊர்க்காரங்க அதிகம் தடுமாறுவது இடப்பக்கம் திரும்பும்போது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். கார்களோடு சேர்ந்து நடுவில் போய் இடது திரும்ப சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பச்சை விழுந்ததும் வலது ஓரமாகவே நேராகச் சந்திப்பைக் கடக்கணும். எதிர் மூலை வந்ததும் கையைத் தோளுயரம் தூக்கி, உள்ளங்கை தெரியும்படி காட்டி நிற்கணும். வண்டியை இடப்பக்கம் திருப்பி, அந்தச் சாலைக்கான பச்சை விழுந்தபின் போகணும். இரண்டு தடவை காத்திருக்கணும், வேற வழியில்லை.

கையைத் தூக்குவது சும்மா மரியாதைக்கு இல்லை. சைக்கிளுக்குப் பிரேக் விளக்கு கிடையாது. காலை 8 மணிக்கு உங்க பின்னாடி 10 பேர் ஒட்டினாற்போல வருவாங்க. சொல்லாமல் நின்றால் அத்தனை பேரும் மேல வந்து விழுவாங்க. திரும்பும்போதும் அந்தப் பக்கத்துக் கையை நீட்டணும். முந்துவது இடப்பக்கமாக மட்டும்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு நுணுக்கம் இருக்கு. பயணிகள் நேராகச் சைக்கிள் பாதையிலேயே காலை வைத்து இறங்கும்படி இருந்தால், அவங்க கடந்து முடிகிறவரை நீங்க நிற்கணும். பஸ்ஸுக்கும் பாதைக்கும் நடுவில் திட்டு இருந்தால், உங்களுக்கு வழிவிட வேண்டியது பயணிகள். நடந்து போகும்போதும் இதை ஞாபகம் வையுங்க. சைக்கிள் பாதையில் நின்று போன் பார்ப்பவர்களிடம் இங்கே யாரும் பொறுமை காட்ட மாட்டாங்க.

சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கிறவரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். வண்டியில் பொருத்தியிருக்கணும், சட்டையில் மாட்டினால் செல்லாது. டிசம்பரில் பகல் சுமார் 7 மணி நேரம்தான், அதனால் ஆபீஸ் போவதும் வருவதும் இருட்டில். மணியும் பிரதிபலிப்பான்களும் சட்டப்படி வேணும். ஹெல்மெட் சட்டத்தில் இல்லை. ஆனா மகளைப் பின்சீட்டில் வைத்துப் போகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் வாங்கிடுங்க, இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வலப்பக்கம் திரும்பும் லாரிக்குப் பக்கத்தில் ஒருபோதும் போய் நிற்காதீங்க, பின்னாடியே நில்லுங்க. டிரைவர் கண்ணுக்கு நீங்க தெரிய மாட்டீங்க.

கொங்குக்காரன்:
நன்றி அண்ணா, பஸ் நிறுத்த விஷயம் சுத்தமாகத் தெரியாது. வீட்டுக்குள் என்ன கவனிக்கணும்? துவைக்கும் இயந்திரம் பொதுவாக அடித்தளத்தில்தான் இருக்கிறதாம்.

நான்காம்மாடி:
சாவி வாங்கிய நாளிலிருந்து 14 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். சுவரில் கீறல், தரையில் கறை, உடைந்த கைப்பிடி, எதுவானாலும் படத்தோடு பட்டியல் எழுதி அதற்குள் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் காலி செய்யும்போது அந்தச் செலவு உங்கள் முன்பணத்திலிருந்து போகும் வாய்ப்பு அதிகம். முன்பணம் 3 மாத வாடகை வரை இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

துவைக்கும் அறைக்கு நேரம் பதிவு செய்ய வேண்டும். பழைய கட்டடங்களில் சுவரில் ஒரு பலகை இருக்கும். உங்கள் வீட்டு எண் போட்ட சிறு பூட்டை வேண்டிய நாள், நேரத்துத் துளையில் மாட்டுவீர்கள். புதிய கட்டடங்களில் திரையோ செயலியோ இருக்கும். உங்கள் நேரம் தொடங்கி கொஞ்ச நேரம் இயந்திரம் சும்மா இருந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி பல இடங்களில் உண்டு, எத்தனை நிமிடம் என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். முடிந்ததும் உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைத் துடைத்து, சோப்பு அறையைக் கழுவிவிட்டு வரவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மனம் கசப்பது பெரும்பாலும் இந்தப் பஞ்சில்தான்.

ஈரம்தான் உண்மையான எதிரி. இட்லி ஆவி, குக்கர், வீட்டுக்குள் துணி காயப்போடுவது எல்லாம் சேர்ந்து ஜன்னல் ஓரத்திலும் அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சையாக வரும். நாளைக்கு 2, 3 தடவை எதிரெதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து காற்றைக் குறுக்கே ஓடவிடுங்கள். அந்த நேரம் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூடிவிடுங்கள். நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பது தவறு. காற்று மாறாது, சுவர் மட்டும் குளிரும்.

ரேடியேட்டர் மேலே சூடாகவும் கீழே ஆறியும் இருந்தால் பழுது என்று நினைக்காதீர்கள், அதுதான் சரி. ஊர்ப் பொதுக் குழாயில் வரும் சுடுநீர் அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறித்தான் திரும்ப வேண்டும். அடிவரை கொதித்தால் சூடு வீணாகத் திரும்புகிறது என்று பொருள். ஒரு ரேடியேட்டரை உச்சத்தில் வைக்காமல் அறையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவில் வையுங்கள். மாதாமாதம் கட்டுவது முன்கணக்குதான், வருடம் ஒருமுறை மீட்டர்படி கூட்டியோ குறைத்தோ பில் வரும்.

குழாய்த் தண்ணீர் நிலத்தடி நீர், அப்படியே குடிக்கலாம். ஆனால் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். கடையில் 32 சதவீத அசிட்டிக் அமிலம் கிடைக்கும். 600 மில்லி தண்ணீரில் 100 மில்லி அமிலம் விட்டு, சூடாக்கி, அரை மணி நேரம் வைத்து, பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். குளோரின் கலந்த எந்தத் திரவத்தோடும் அதைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

குப்பை 10 வகை. நாடு முழுக்க ஒரே படக்குறிகள்தான், பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துப் போட்டால் போதும்.

யாழ்_அக்கா:
தம்பி, பிள்ளையின்ர விஷயம் நான் சொல்லுறன். உங்கட மகளுக்கு 3 வயதுக்குக் கீழானோருக்கான காப்பகம். நகராட்சித் தளத்தில மிட்-ஐடியால பதியவேணும், வந்த கிழமையே பதியுங்கோ. தொடக்க நாட்களில பிள்ளை கொஞ்ச நேரம்தான் நிக்கும், பெற்றோரில ஒராள் கூட இருக்கவேணும், பிறகு மெல்ல மெல்ல நேரம் கூடும். அதால வேலை தொடங்குற திகதியை அதுக்கேற்ற மாதிரி வையுங்கோ. இரண்டு பேரும் ஒரே நாளில வேலைக்குப் போக ஏலாது.

பிள்ளைகளை மத்தியானம் வெளியில பிள்ளைத் தள்ளுவண்டிலில நித்திரை கொள்ள விடுவினம், குளிரிலயும் தான். பயப்பிடாதேங்கோ, கம்பளி உள்ளுடுப்பும் தடிப்பான போர்வையும் இருக்கும், அடிக்கடி வந்து பாப்பினம். கடைக்கு முன்னால பிள்ளையோட வண்டில் நிண்டாலும் அது கைவிட்ட பிள்ளை இல்லை.

உடுப்பு நீங்கதான் குடுக்கவேணும்: ஒற்றையாய் முழு உடம்பையும் மூடுற குளிருடுப்பு, மழையுடுப்பு, றப்பர் சப்பாத்து, மாற்றுடுப்பு இரண்டு சோடி. எல்லாத்திலயும் பெயர் எழுதுங்கோ. மழை எண்டு உள்ளுக்க வைச்சிருக்க மாட்டினம்.

சைவம் எண்டால் முதல் நாளே எழுத்தில குடுங்கோ. இங்க பிள்ளைகளின்ர கறுப்புப் பாணில பூசுறது அனேகமா லெவர்பொஸ்டை, அது பன்றி ஈரல். பார்த்தால் பருப்பு அரைச்ச மாதிரித்தான் இருக்கும். இனிப்பு ஜெலிகளிலயும் கனக்க ஜெலட்டின் இருக்கு, பிறந்தநாளுக்குப் பங்கிடேக்க அதுதான் வரும்.

கோயில் எண்டால் ஹேர்னிங்கில சித்தி விநாயகர் இருக்கிறார், பிராண்ட எண்ட ஊரில அபிராமி அம்மன் இருக்கிறா.

வடகடல்வாசி:
ஆபீஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிறந்தநாள் உங்களுக்கு என்றால் கேக் கொண்டுவர வேண்டியவரும் நீங்கள்தான். மேஜையில் சின்னச் சின்ன டேனிஷ் கொடி குத்தியிருந்தால் யாருக்கோ பிறந்தநாள், தேசிய விழா என்று நினைத்துவிடாதீர்கள். மேலதிகாரியானாலும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், "சார்" போட்டால் அவர்களுக்குக் கூச்சமாகிவிடும். மதியச் சாப்பாடு 11:30 வாக்கில், எல்லோரும் சேர்ந்து, அரை மணி நேரம். தட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மேஜைக்குத் திரும்பாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் பழக்கமே வளர்கிறது. காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று பலர் 4 மணிக்கு முன்னாலேயே கிளம்புவார்கள், நீங்களும் தயங்காமல் கிளம்பலாம்.

வீட்டுக்கு 6 மணிக்கு அழைத்தால் 6 மணிக்கே போங்கள், காலணியை வாசலில் கழற்றுங்கள்.

கடை மூடும் நாட்களைச் சொல்ல மறந்தேன். ஈஸ்டரில் வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும், சனி மட்டும் திறக்கும். டிசம்பர் 24, 31 இரண்டு நாளும் பிற்பகல் 3 மணியோடு சரி; 25, 26, ஜனவரி 1 முழு விடுமுறை. பாலும் தயிரும் 23-ம் தேதியே வாங்கிவிடுங்கள், 24 காலையில் கூட்டம் தாங்காது.